வோஜ்னாரின் பத்து ஞாயிறுகள்

டேரில் வோஜ்னார் அமெரிக்கக் கால்பந்தில் பதினோரு பருவம் தொழில்முறையாக ஆடினான். அத்தனை வருஷத்தில் பந்து அவன் கைக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் யாரோ நழுவவிட்டது; அதன் மேல் விழுந்து படுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அவன் வேலை பந்தோடு இல்லை. நடுவில் நின்று பந்தைப் பின்னால் தள்ளிக்கொடுக்கிறவன் சென்டர். அவனுக்கு இடப்பக்கம், தோளோடு தோள் உரச நிற்கிறவன் வோஜ்னார். எதிரே விரல்களைப் புல்லில் ஊன்றிக் குனிந்திருக்கும் நூற்று முப்பது கிலோ ஆளை, பந்து எறிகிறவன் பக்கம் போகவிடாமல் மறிக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு நாதியும் திரும்பிப் பார்க்காது. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்து மாட்டிக்கொண்டால் மட்டும் நடுவர் மஞ்சள் துணியை வீசி, ஒலிபெருக்கியில் "அறுபத்தாறாம் எண்" என்பார். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மா டொலோரஸ் அந்த எண்ணைக் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்வாள்.

ஊர் பென்சில்வேனியாவில், மோனங்கஹேலா ஆற்றங்கரை. அப்பா காசிமிர் உருக்காலையில் இருபத்திரண்டு வருஷம் உலையோடு வெந்தவர். டேரில் ஒன்பதாவது படிக்கும்போது ஆலையை மூடினார்கள். வேலைநீக்கக் கடிதத்தை ஆளுக்கொன்றாய் நீட்டிய மேஸ்திரி அதே தெருக்காரர். அன்றிலிருந்து காசிமிர் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த மேஸ்திரி செத்தபோது, ஊரே திரண்ட சவ ஊர்வலத்தை ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அனுப்பிவைத்தார். வோஜ்னார் குடும்பத்தில் பகையைத் தூக்கி எறிகிற பழக்கம் கிடையாது. மடித்து, உள்ளே வைத்துக்கொள்வார்கள்.

எண்பத்தொன்பதில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கியெடுக்கும் தேர்வில், ஒன்பதாவது சுற்றில் ஒரு அணி டேரிலை எடுத்தது. அதே வருஷம் அதே அணிக்கு மிஸிஸிப்பியிலிருந்து வந்தவன் லாமார் டின்ஸ்லி. சென்டர். பயிற்சி முகாமில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. டேரில் வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பான். லாமார் தூக்கத்தில்கூடப் பேசுவான்.

"டேய், உங்கம்மா அனுப்பின பியரோகி இன்னும் இருக்கா?"

"இல்ல."

"பொய் சொல்லாதடா. உன் மூச்சுல உருளைக்கிழங்கு வாடை அடிக்குது. எங்க ஊர்ல கூடப்பொறந்தவன்கிட்ட இப்படிப் பண்ணினா ஆத்துல தள்ளிவிட்ருவாங்க."

டேரில் கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் போலந்துக் கொழுக்கட்டை டப்பாவை எடுத்து நீட்டுவான்.

மூன்று வருஷம் அப்படி ஓடியது. ஆட்டத்தில் எதிர் அணி இடம் மாறி நிற்பதைப் பார்த்து, யார் யாரை மறிக்க வேண்டும் என்று லாமார் கத்துவான். பிறகு அவன் கத்தவே வேண்டியிருக்கவில்லை. இடது முழங்கையால் டேரிலை ஒரு இடி இடித்தால் போதும்.

தொண்ணூற்றொன்று நவம்பரில், ஏரிக்கரை நகரத்து அணியோடு ஆட்டம். வருஷத்துக்கு இரண்டு முறை மோதுகிற பங்காளி அணி அது. மழை பெய்து மைதானம் உளைச் சேறாகக் கிடந்தது. இரண்டாவது கால்பகுதியில், பந்தோடு ஓடினவன் மேல் பத்துப் பேர் விழுந்து குவியலாகிவிட்டார்கள். டேரில் அடியில் மாட்டிக்கொண்டான். விசில் ஊதியாகிவிட்டது. அவன் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் லாமாரின் கால், இரண்டு உடம்புக்கு நடுவே சிக்கி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை வந்தது. மணிக்கட்டில் பச்சைப் பட்டை. அந்தக் கை லாமாரின் காலணியைக் கெட்டியாகப் பிடித்து, திருகாணியைத் திருகுவது போல வெளிப்பக்கமாகத் திருகியது. பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

கைக்குரியவன் ரிக் ஸ்டாக்னர். ஏரிக்கரை அணியின் தடுப்பாட்டக்காரன். எழுந்து நின்று, வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, "பாத்துக்கோங்கடா, உங்க மாட்டுக்கு லாடம் கழண்டுருச்சு" என்றான்.

நடுவரிடம் போய்ச் சொன்னான் டேரில். நடுவர் பார்க்கவில்லை. சங்கத்துக்கு எழுதிப்போட்டான். ஒளிப்பதிவைப் பார்த்தார்கள், குவியல்தான் தெரிந்தது, கை தெரியவில்லை. லாமாரின் முட்டியை மூன்று தடவை அறுத்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு, ஊன்றுகோலோடு ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்ட ஆரம்பித்தான்.

கிளம்புகிற அன்றைக்கு லாமார், "போனாப் போவுதுடா. நீ வேற எதையாவது பாத்துருப்ப. அடியிலதானே கிடந்த" என்றான்.

"அடியில கிடந்ததாலதான் பாத்தேன்" என்றான் டேரில்.

அடுத்த வருஷம் ஏரிக்கரை அணி வந்த முதல் ஞாயிறு, டேரில் மதம் பிடித்த யானை மாதிரி இறங்கினான். முதல் மோதலிலேயே ஸ்டாக்னரின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்துக் கீழே சாய்த்தான். மஞ்சள் துணி பறந்தது. இரண்டாவது முறை விசிலுக்கப்புறம் முஷ்டியால் குத்தினான். வெளியே அனுப்பிவிட்டார்கள். அணி தோற்றது. டேரில் மைதானத்தை விட்டுப் போகும்போது ஸ்டாக்னர் கையசைத்து வழியனுப்பினான்.

மறிக்கிற வரிசையின் பயிற்சியாளர் ஹெர்ம் பாகெட் சத்தம் போடவில்லை. அதுதான் டேரிலுக்குச் சுருக்கென்றது.

"எதிர்ல நிக்கிறவனுக்குக் கோபம் சோறு போடும். உனக்கு அது பதினஞ்சு கஜம் அபராதம். அவனைக் கொல்லணுமா? கொல்லு. ஆனா என் ஆட்டத்தைக் கெடுக்காம கொல்லு."

செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை. மற்றவர்கள் மீன் பிடிக்கப் போவார்கள், பிள்ளை குட்டியைக் கடைக்குக் கூட்டிப்போவார்கள். டேரில் வீட்டு நிலவறையில் ஸ்டாக்னரின் ஒளிநாடாக்களைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். ஓட்டுவான், பின்னால் இழுப்பான், மறுபடி ஓட்டுவான். மனைவி மார்லீன் படிக்கட்டில் நின்று, "நம்ம கல்யாண வீடியோவ ஒரு தடவையாவது பாத்திருக்கியா நீ?" என்பாள். அவன் திரும்ப மாட்டான்.

ஏழெட்டு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். ஸ்டாக்னர் நேராகப் பாயப் போகிறான் என்றால், ஊன்றிய கையின் முட்டிகள் வெளுக்கும்; எடை முழுவதும் விரலில். பக்கவாட்டில் சுழலப் போகிறான் என்றால் விரல்கள் புல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், வலது குதிகால் ஒரு நூல் தூக்கும். ஒருவனைப் பெற்ற தாய்கூட அவனை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

இரண்டாவது ஞாயிறு. ஸ்டாக்னரின் விரல் முட்டி வெளுத்தது. பாய்ந்தவனின் நெஞ்சுக்கடியில் டேரில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, மல்லாத்தி, மேலேயே விழுந்தான். எழுந்திருக்கும்முன் அவன் காதருகே ஒரே ஒரு சொல் சொன்னான்.

"லாமார்."

"யாருடா அது? உன் ஆளா?" என்று சிரித்தான் ஸ்டாக்னர்.

மறந்தே போயிருந்தான். திருகிய கைக்கு, யாருடைய கால் என்றே ஞாபகமில்லை. அன்றைக்கு இன்னும் ஐந்து தடவை அவனைச் சேற்றில் கிடத்தினான். ஐந்து தடவையும் அதே சொல். ஒரு துணிகூடப் பறக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, நான்காவது ஞாயிறு. "அந்த சென்டரா? ஆட்டம்னா அடிபடத்தான்டா செய்யும்" என்றான் ஸ்டாக்னர். ஐந்தாவதில் முதல் தடவையாகப் பதில் சொல்லாமல் எழுந்தான். ஆறாவது ஞாயிறு அவர்கள் ஊரில், பனி தூவிக்கொண்டிருந்தது. நான்காவது தடவை மல்லாந்தபோது, "போதும்டா. என் பொண்ணு அங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கா" என்றான்.

"லாமாருக்கும் பொண்ணு இருக்கா" என்றான் டேரில். பகை தொடங்கிய பிறகு ஸ்டாக்னரிடம் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

தொண்ணூற்றைந்தில் ஸ்டாக்னர் நிரந்தர இடத்தை இழந்தான். அடிக்கடி மல்லாக்க விழுகிறவனை எந்தப் பயிற்சியாளர் முதல் வரிசையில் வைப்பார்? மாற்று ஆளாக உள்ளே வருவான், போவான். ஆளும் மாறியிருந்தான். டேரில் அந்தப் பெயரைச் சொன்னால் வையவில்லை, கெஞ்சவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். டேரிலுக்கு அது பிடிக்கவில்லை. பதில் வராத அடி ருசிக்கவில்லை. நாலு வருஷம் கீழே தள்ளியாயிற்று. ஆனால் அவன் கீழே விழுந்து எழுந்து நடந்துதானே போகிறான்? லாமார் அப்படி நடக்கவில்லையே? முட்டிதான் வேண்டும் என்று மனசு பிடித்துக்கொண்டது. மார்லீனிடம்கூடச் சொல்லவில்லை.

பத்தாவது ஞாயிறு, தொண்ணூற்றாறு டிசம்பர். ஸ்டாக்னருக்கு முப்பத்து மூன்று வயது. அந்தப் பருவத்தோடு விலகப் போகிறான் என்று பேச்சு. மூன்றாவது கால்பகுதியில், ஏரிக்கரை அணி ஆள் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியதால் ஸ்டாக்னரை உள்ளே அனுப்பினார்கள். டேரிலின் அணி கூடிநின்ற வட்டத்தில், ஓட்டம் வலப்பக்கம் என்று சொன்னார்கள். வலப்பக்கம் ஓட்டம் என்றால், இடப்பக்கம் நிற்கிற வோஜ்னார் தன் எதிராளி குறுக்கே ஓடிப்போய்ப் பிடிக்காதபடி மறித்துச் சாய்க்க வேண்டும். தோளால் இடிக்கலாம். காலைப் பார்த்துத் தாழப் பாயவும் செய்யலாம். அன்றைய விதிப்படி இரண்டும் சரி.

பந்து நகர்ந்தது. ஸ்டாக்னர் ஓட்டம் போகிற பக்கம் திரும்பி, இடது காலை அழுத்தமாக ஊன்றினான். டேரில் குனிந்தான். தோளால் இடிக்க வசதி இருந்தது. அதை அவன் பிற்பாடு ஒருபோதும் மறுக்கவில்லை. நூற்று நாற்பது கிலோவையும் திரட்டிக்கொண்டு, அந்த முட்டியின் பக்கவாட்டில் பாய்ந்தான்.

அதே பச்சைக் கிளைச் சத்தம்.

துணி பறக்கவில்லை. எழுபதாயிரம் பேர் கூடிய இடம் கோவில் மாதிரி அடங்கியது. ஸ்டாக்னர் இரண்டு கையாலும் புல்லைப் பிடுங்கிக்கொண்டு கிடந்தான். டேரில் அவன் மேல் குனிந்து, "லாமார்" என்றான்.

"தெரியும்டா" என்றான் ஸ்டாக்னர், பல்லைக் கடித்துக்கொண்டு. "போயிரு."

திரும்பும் விமானத்தில் டேரிலுக்கு நல்ல பசி. இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டான். நன்றாகத் தூங்கினான்.

திங்கட்கிழமை காலை லாமாருக்குப் போன் போட்டான். அடித்ததும் எடுத்துவிட்டான் லாமார்.

"பாத்தியா?"

"பாத்தேன். நீ ஆடறதைப் பாக்கத்தானே கூரை மேல அவ்வளவு பெரிய டிஷ் தட்டு வாங்கி மாட்டிவெச்சிருக்கேன். போன ரெண்டு வருஷமா ஒண்ணு விடல."

"முடிச்சுட்டேன்டா."



"அவன் இங்க வந்திருந்தான்" என்றான் லாமார். "போன வருஷம், ஜூன் மாசம். வாடகைக் கார எடுத்துக்கிட்டு, வழி கேட்டுக் கேட்டு வந்து வாசல்ல நிக்கிறான். 'உன் பேரைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கம் போச்சு, நான்தான் திருகினேன்'னு சொன்னான். அழுதான்."

"நீ என்ன பண்ணின?"

"கெளுத்தி மீன் பொரிச்சுப் போட்டேன். வந்தவன பட்டினியாவா அனுப்பறது?"

"மன்னிச்சுட்டியா?"

"மன்னிக்கல. சோறு போட்டேன். ரெண்டும் வேற."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ" என்றான் லாமார். "எனக்கு அது பிடிச்சிருந்துச்சுடா. நெசத்தைச் சொல்றேன். அவன் மல்லாந்து விழுந்து, முதுகெல்லாம் புல்லோட எழுந்திரிக்கிறதப் பாக்கறப்போ அந்த வாரம் பூரா முட்டி வலி தெரியாது. ஆனா எழுந்திரிக்கிறதத்தான் நான் பாத்து ரசிச்சேன். நேத்து அவன் எழுந்திரிக்கல. தூக்கிட்டுப் போக ஆள் வந்ததும் டிவிய அணைச்சுட்டேன்."

"உனக்காகத்தானே..."

"எனக்காகன்னு சொல்லாத. நான் கேக்கல. மூணாவது ஞாயித்துக்கிழமைக்கப்புறம் அது உன்னோடது."

போனை முதலில் வைத்தவன் லாமார்தான்.

அந்த வாரம் செய்தித்தாளில் டேரிலின் படம் முதன்முதலாக வந்தது. எட்டு வருஷம் எத்தனையோ ஓட்டத்துக்கு வழி திறந்துவிட்டவனை ஒரு கேமராவும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது முட்டி உடைத்தவன் என்று பெயரோடு போட்டார்கள். ஏரிக்கரை ஊரில் அவனுக்குக் கொலைகாரன் என்று பதாகை தூக்கினார்கள். எதிரே நின்றவர்கள் அவன் குனியும்போதெல்லாம் தங்கள் காலைப் பார்த்தார்கள்; அதனால் அவன் வேலை சுலபமானது. இன்னும் மூன்று பருவம் ஆடினான். ஆட்டத்தில் அவ்வளவு சிறப்பாக அவன் முன்பு இருந்ததில்லை என்று பாகெட் சொன்னார். சொல்லும்போது டேரிலின் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினான்கு மாதம் லாமாரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. பிறகு ஒருநாள் அவனே கூப்பிட்டான்.

"சனிக்கிழமை மீன் பொரிக்கிறேன். ஸ்டாக்னர் வரான், கைத்தடியோட. நீயும் வா."

"வரல."

"ஏன்டா?"

"அவனப் பாத்தா மறுபடி அடிக்கத் தோணும்."

லாமார் வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப வராத. ஒரே ஒரு மேசைதான் இருக்கு, உடைச்சுறாத" என்றான். அந்தச் சிரிப்போடு அவர்களுக்குள் பேச்சுவார்த்தை திரும்ப ஒட்டிக்கொண்டது. ஆனால் ஸ்டாக்னரின் பெயர் அதில் வரவில்லை. டேரிலும் அவனும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

ஆட்டத்தை விட்ட பிறகு டேரில் ஆற்றங்கரைக்கே திரும்பி, குளிர்காலத்தில் மாவட்டத்துக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். நாற்பத்தொன்றாவது வயதில் அவனுடைய இரண்டு முட்டிகளையும் எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள். அது ஸ்டாக்னரால் அல்ல, தொழிலால். தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் மீன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, அந்த ஊரில் பெண்ணெடுத்த வெளியூர் மாப்பிள்ளை ஒருவன் அவனை அடையாளம் கண்டுகொண்டான். தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"தப்பா நினைக்காதீங்க. அந்த ஸ்டாக்னர் விஷயம்... வேணும்னேவா பண்ணினீங்க?"

மேசையில் இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். மார்லீன் கணவனின் கையைத் தொட்டாள்.

"ஆமா" என்றான் டேரில். பிறகு, வினிகர் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னான்.