நான்காம் கட்டத்துப் பாலக் கதவு

குறையே இல்லை என்று வரும் அறிக்கையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஓசூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாகவே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். அந்தத் தொழில் புத்தியை ஓய்வுக்குப் பிறகும் விடாமல் வைத்திருந்தேன். அதனால் ஒரு நண்பரை இழந்தேன்.

ஓய்வு பெற்றதும் எனக்குக் கணினி விளையாட்டில் பைத்தியம் பிடித்தது. கோட்டை கட்டிப் படை நடத்தும் பழைய விளையாட்டு அது. அதன் படங்களையும் விதிகளையும் மாற்றி, ஆடுகிறவர்களே புதிதாகச் செய்யும் பதிப்பை மாட் என்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைக்கோட்டைகளை வைத்து யாரோ செய்த மாட் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதற்கு, ஒருவரே கணினியை எதிர்த்து ஆடும் எட்டுக் கட்டக் கதை ஒன்றை நான் அமைக்க ஆரம்பித்தேன். தளபதி யாரும் கிடையாது. முற்றுகையில் சிக்கிய கோட்டைக்கு ராகி மூட்டை கொண்டுபோகும் வண்டிக்காரர்களின் கதை.

ஆடிப் பார்த்துக் குறை சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதே தொழிற்சாலையில் உற்பத்தி மேற்பார்வையாளராக இருந்தவர் முன்வந்தார். திருநெல்வேலிக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர், கெலமங்கலம் சாலையில் வீடு கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். அந்தக் காலத்தில் அவர் பிரிவிலிருந்து வரும் உருப்படிகளை நான் திருப்பி அனுப்புவேன். அவர் வந்து கத்துவார். பிறகு இருவரும் கேண்டீனுக்குப் போவோம்.

ஒவ்வொரு கட்டத்தையும் பென் டிரைவில் கொடுப்பேன். ஆடி முடித்து, ஆட்டத்தைச் சேமித்த கோப்போடு திருப்பித் தருவார். முதல் மூன்று கட்டங்களுக்கும் ஒரே பதில்.

“ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. ராகிய பத்திரமா எறக்கியாச்சு.”

மூன்றாம் கட்டத்தில் ஒரு மாடு பாதி உடம்பைப் பாறைக்குள் விட்டுக்கொண்டு நிற்பதைப் பிறகு நானே கண்டேன். இதை அவர் ஏன் சொல்லவில்லை? ஆடுகிறாரா, ஆடியதாகச் சொல்கிறாரா? உற்பத்திக்காரர்கள் செய்யாததையும் செய்ததாக எழுதுவார்கள் என்பது எங்கள் பிரிவில் பழைய ஏச்சு. அது இப்போது எனக்கு வசதியாக இருந்தது. அவர் டீ குடிக்கும்போது கண்ணைக் கவனித்தேன். எந்த வண்டி முதலில் போனது என்று கேட்டுவிட்டு, பதில் வரத் தாமதமானால் மனதில் குறித்துக்கொண்டேன்.

என் மனைவி சொன்னாள்: “அவுரு பொய் சொல்லி இன்னாத்த வாரிக்கினு போவப் போறாரு? உனுக்கு வேற வேல இல்ல.”

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதகர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்க, ரகசியமாக அடையாளமிட்ட கெட்ட உருப்படி ஒன்றை நல்லவற்றோடு கலந்து வைப்போம். மார்க் பீஸ் என்று பெயர். அதைப் பிடிக்காமல் விட்டவர் மாட்டினார். நான்காம் கட்டத்தில் அதைத்தான் செய்தேன். வண்டிகள் தென்பெண்ணையைக் கடக்க ஒரே பாலம். அதன் கதவு திறப்பதற்கான விதியை அழித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். இனி யாராலும் அதை முடிக்க முடியாது.

வழக்கமாக ஒரு நாளில் வருகிறவர் ஐந்தாம் நாள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“முடிச்சிட்டேன் அண்ணாச்சி. இதுவரைக்கும் செஞ்சதுல இதுதான் டாப்பு. அந்தக் கதவு இருக்கே...”

“கதவப் பத்திப் பேசாதீங்க. அது தெறக்காது. தெறக்கக் கூடாதுன்னு நான்தான் பூட்டினேன்.”

என் மனைவி கொண்டுவந்து வைத்த டீயை அவர் தள்ளி வைத்தார்.

“எனக்கே மார்க் பீஸ் வச்சீயளா?”

பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். டீ அப்படியே இருந்தது. பிடித்துவிட்டேன் என்ற திருப்தியோடு அதையும் நானே குடித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

கதவைச் சரிசெய்தேன். மீதிக் கட்டங்களையும் முடித்து, உதவியவர் என்ற இடத்திலிருந்து அவர் பெயரை நீக்கி வெளியிட்டேன்.

போன மாதம் கணினி மாற்றும்போது அந்தப் பென் டிரைவ் கிடைத்தது. அதில் என்ன இருக்கிறது என்று அன்றுவரை நான் பார்க்கவே இல்லை. அவர் சேமித்த ஆட்டத்தைத் திறந்தேன். பாலக் கதவு பூட்டியே இருந்தது. வண்டிகள் எல்லாம் அக்கரையில் நின்றன. ஆற்றின் மேல்பக்கம் அடர்ந்த காடு வைத்திருந்தேன். அதன் நடுவே வண்டி போகும் அகலத்துக்கு வெட்டிய அடிமரங்கள் வரிசையாகத் தெரிந்தன. காட்டுக்குப் பின்னால் ஆழமில்லாத நீர்த்துண்டு ஒன்று. கெலவரப்பள்ளிப் பக்கம் கொக்குகள் நிற்கும் இடத்தை நினைத்து, அழகுக்காக நான் வரைந்தது. இரண்டே மரம்வெட்டிகளை வைத்து, ஒவ்வொரு மரமாக வெட்டி, அவர் அங்கே போய்ச் சேர்ந்து, அந்த ஆழமில்லாத நீரில் வண்டிகளை இறக்கி ஆற்றைக் கடத்தியிருந்தார்.

கையில் இருந்த உருப்படியை அளக்காமலே தள்ளுபடி செய்திருக்கிறேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க” என்றார். முன்போல் அண்ணாச்சி என்று சேர்க்கவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். “தப்பு என்னுதுதான். உங்க பேர மறுபடியும் போட்டுட்றேன்.”

“இப்பம் என்ன, ரீவொர்க்கா?” என்று, தள்ளிய உருப்படியைத் திருத்தி எடுப்பதற்கான எங்கள் பழைய வார்த்தையைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றது. “மாடு பாறைக்குள்ள நின்னதையும் பாத்தேன். நீங்க ஆசையா செஞ்சிருந்தீய, சொல்ல மனசு வரல. அது என் தப்பு. ஆனா பேரு வேண்டாம். கதவ மட்டும் மறுபடியும் பூட்டி வைங்க.”

பூட்டிவிட்டேன். நான்காம் கட்டத்தில் கதவு திறக்கவில்லை, பிழையா என்று ஆடுகிறவர்கள் எழுதிக் கேட்கிறார்கள். பிழை இல்லை, காட்டை வெட்டிப் பாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன். அந்த வழியைக் கண்டவர் யார் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.

அவர் பிறகு வரவில்லை. ஒன்பதாவதாக ஒரு கட்டம் செய்து, நானே ஆடிப் பார்க்கிறேன். இதுவரை ஒரு குறையும் தென்படவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை.