குடையை மடக்கியவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் போடி மலையில் முதியவர்களுக்காக ஒரு மலையேற்ற முகாம் நடந்தது. தொண்டனாகப் போன எனக்குக் கடைசியாக வருகிறவரோடு நடக்கும் வேலை.

கடைசியாக வந்தவர் தடித்த கண்ணாடி போட்ட, ஒல்லியான பெரியவர். தூறிக்கொண்டிருந்தும் ஒவ்வொரு வளைவிலும் குடையை மடக்கி, மலைச்சரிவில் முதுகைச் சாய்த்து நின்றுவிடுவார். மூச்சு வாங்குகிறதோ என்று தண்ணீரை நீட்டினேன்.

"எளைப்பெல்லாம் இல்ல அப்பு. ஏலக்கா மூட்டையோட எறங்குறாகள்ல, அவுகளுக்கு வழி விட வேண்டாமா?"

பாதையில் யாருமே இல்லை. ஜீப்பு ரோடு வந்தபின் தலைச்சுமைக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதே கிடையாது. வயசானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கூடாரத் துணிகளைத் தலையில் சுமந்தபடி அவர் பின்னால் இறங்கினேன். அதே வளைவுகளில் அவர் நிற்கவே இல்லை. குடையை விரித்தபடி நடுப்பாதையில் நடந்தார்.

"இன்னைக்கு ஒதுங்கலையாய்யா?"

"லோடு இப்ப நம்மகிட்டல்ல இருக்கு. அவுக ஒதுங்கி நிக்கிறாக. காக்க வைக்காம வெரசா வா."

சிரித்துக்கொண்டே வளைவில் திரும்பினேன். சரிவில் இருந்த ஈரப் புல், ஆட்கள் வரிசையாக முதுகு சாய்த்து நிற்பதுபோல் அமுங்கியிருந்தது. நான் கடக்கக் கடக்க, எனக்குப் பின்னால் அது ஒவ்வொரு இடமாக நிமிர்ந்தது.