கடலில் கையாட்டியவர்

திருவொற்றியூர்க் கடலில் அன்று காலை நானும் முன்பின் தெரியாத ஒருவரும்தான் கடைசி. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த சின்னப் போட்டி. விசில் ஊதுவதற்குள் கரையேறாவிட்டால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள்.

அவருக்கு நல்ல தொப்பை, இறுக்கமான மஞ்சள் தொப்பி, அதற்குள் அடங்காத கிருதா. பிரமாதமாக நீந்தினார். ஆனால் நாலு கை போட்டால் நிறுத்தி, கரையைப் பார்த்துக் கையை ஆட்டுவார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு நின்ற அவருடைய நண்பர்கள் உடனே மோளம் அடித்து ஆடுவார்கள். மறுபடி நாலு கை, மறுபடி மோளம்!

மூச்சு வாங்கியபடியே கேட்டேன். "அண்ணே, டைம் போவுதே, எதுக்கு டாட்டா காட்டிக்கினு?"

"இன்னா நைனா பண்றது? கை தெரியலன்னா நான் முழுகிட்டேன்னு குதிச்சிடுவானுங்கோ. ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது! போன வாட்டி ரெண்டு பேர நான்தான் இஸ்துகினு வந்தேன். நீ போ!"

சிரித்ததில் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. இருமிக்கொண்டே கரையேறினேன். பின்னாலேயே விசில். அவர் இன்னும் இடுப்பளவு தண்ணீரில்தான் இருந்தார்.

"கலக்கிட்ட தலீவா!" என்று கத்தியபடி அந்தக் கூட்டம் பாய்ந்துபோய் அவரைத் தோளில் தூக்கியது. முதலில் வந்தவனுக்குக்கூட அப்படி ஒரு மோளம் கிடையாது. தோள்மேல் உட்கார்ந்து அவரும் வாயெல்லாம் பல்லாக ஆடினார்.

எண்ணூர் சாலை முழுக்கச் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். அவர் தோற்றது அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்துதான் ஆடினார்களா என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.