தேவயானி இறக்கிய காந்தப்புலம்

தேவயானி எதிலும் லேசில் கையெழுத்துப் போடமாட்டாள். சத்தியவேட்டுப் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பம். பி.எஸ்ஸி. முடித்து ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். "சும்மா ஃபார்மாலிட்டிம்மா" என்று மேற்பார்வையாளர் நீட்டிய தாளில், எவரோ செய்த தவறுக்குக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரமே வேலை போயிற்று. பிறகுதான் திருப்பதி. நான்கு வருடமாக ஓர் ஆய்வு நிலையத்தில் காந்த அளவீட்டு இயந்திரத்தை ஓட்டுகிறாள். வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்த முறை இயந்திரத்துக்குள் போனது கடுகளவு பச்சைப் படிகம். பேராசிரியர் ஹரிபாபுவின் மாணவன் கோகுலகிருஷ்ணன் வளர்த்தது. அதற்குள் கோடானுகோடி அணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். குளிரவைத்தால் அவை ஒரு கட்டத்தில் நின்ற திசையிலேயே உறைந்துவிடும். எத்தனை குளிரிலும் உறையாமல் அலைந்துகொண்டே இருக்குமானால் அது குவாண்டம் ஸ்பின் லிக்விடாக இருக்கலாம். பல நாட்டு ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கும் பொருள். தன் படிகம் அதுவேதான் என்று ஹரிபாபு கட்டுரையை எழுதி முடித்திருந்தார். ஆனால் கோகுல் எல்லா அளவையும் ஒரு டெஸ்லா வலுவுள்ள காந்தப்புலத்திலேயே எடுத்திருந்தான். வலுவான புலத்தில் வரைபடக் கோடு சுத்தமாக வரும். அவசரக்காரர்களுக்கு அது போதும்.

தேவயானி அதில் நூறில் ஒரு பங்கு புலத்தில் ஓட்டிப் பார்த்தாள். புலமில்லாமல் குளிரவைத்து எடுத்த கோடும், புலத்தோடு குளிரவைத்து எடுத்த கோடும் நான்கு கெல்வின் குளிரில் பிரிந்து ஆளுக்கொரு வழி போயின. உறைகிற பொருள்தான் அப்படிச் செய்யும்.

"ஒரு டெஸ்லால பிரியவே இல்லியேக்கா" என்றான் கோகுல், முகம் வெளுத்து.

"மலைமேல க்யூவுல பின்னாலருந்து நெட்டித் தள்ளினா எல்லாரும்தான் போய்க்கினு இருப்பாங்க. மெதுவாத் தொட்டுப் பாரு. எவன் காலை நட்டுக்கினு நிக்கிறான்னு அப்பத்தான் தெரியும்."

ஹரிபாபு ஒப்பவில்லை. அவர் கையில் ஒரு நியாயமும் இருந்தது. இயந்திரத்தின் உச்சமான ஏழு டெஸ்லாவிலிருந்து புலத்தை நேராகக் கீழே கொண்டுவந்தால், திரையில் பூஜ்யம் காட்டினாலும் அதன் காந்தச் சுருளுக்குள் கொஞ்சம் புலம் தங்கிவிடும். அதனால் முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி, சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். அந்த அறையில் அதற்கு 'ஆட்டி இறக்குறது' என்று பெயர்.

"ஆட்டாம இறக்கிட்டேம்மா நீ. உள்ள மிச்சம் நின்னுபோச்சு. அதான் இந்தக் கூத்து" என்று பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். அவர் தெலுங்குக்காரர், காரியம் ஆகவேண்டுமென்றால் தமிழுக்கு வந்துவிடுவார். "ஆப்பரேட்டர் தப்புன்னு ஒரு வரி எழுது. அந்த டேட்டாவைத் தள்ளிடலாம். உன் கான்ட்ராக்ட் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. நான் பாத்துக்குறேன்."

"ஆட்டித்தான் சார் இறக்கினேன்."

"ஒரு வரிதானேம்மா."

"ஒரு வரிக்குக் கையெழுத்துப் போட்டு ஒருக்கா வூட்டுக்குப் போனவ சார் நான். இன்னொருக்கா போடமாட்டேன். நீங்க இங்கயே உக்காருங்க, உங்க கண்ணெதிர்ல ஓட்றேன். மிச்சம் நின்னா நானே எழுதிட்டு பஸ் ஏறிடறேன்."

படிகத்தை வெளியே எடுத்தாள். ஒரு துண்டு பல்லேடியம் உலோகத்தை உள்ளே வைத்தாள். எந்தப் புலத்துக்கு அது எவ்வளவு காட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சுருளில் மிச்சம் ஒளிந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். புலத்தை ஏழுக்கு ஏற்றி ஆட்டி இறக்கினாள். பல்லேடியம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. மறுபடி படிகம், மறுபடி குளிர். ஹரிபாபு வகுப்புக்குப் போய்த் திரும்பினார், இரண்டு டீ குடித்தார். புள்ளி புள்ளியாகக் கோடு வளர்ந்தது. நான்கு கெல்வினில், முன்பு பிரிந்த அதே இடத்தில், பிரிந்தது.

ஹரிபாபு திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சாம்பிள்ல ஏதாச்சும் அழுக்கு இருக்கும்."

"இருக்கலாம் சார். அத எழுதுங்க. என் பேர எழுதாதீங்க."

பதிவேட்டில் எழுதினாள்: புலம் ஆட்டி இறக்கப்பட்டது, பல்லேடியம் வைத்துச் சரிபார்க்கப்பட்டது, இயந்திரத்தில் கோளாறு இல்லை. கையெழுத்திட்டு கோகுலிடம் நகர்த்தினாள். "கூட இருந்து பாத்தவன் நீ. போடு."

அவன் பேராசிரியரைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். "லிக்விட் போச்சேக்கா" என்று முனகிக்கொண்டே போட்டான்.

வெள்ளிக்கிழமை ஹரிபாபு அவளைக் கூப்பிட்டு ஒப்பந்தக் கடிதத்தை நீட்டினார். ஒரு வருடம் என்று இருக்கவேண்டிய இடத்தில் மூன்று மாதம் என்று இருந்தது.

"இப்போதைக்கு இவ்வளவுதாம்மா."

"சரி சார். கட்டுரையில அந்தக் கொறஞ்ச புலத்துப் படம் இருக்கா?"

"இருக்கு."

"காட்டுங்க."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். தலைப்பில் ஸ்பின் லிக்விட் என்ற சொல் இல்லை. தேவயானி குனிந்து, இரண்டு கோடும் நான்கு கெல்வினில் பிரிகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் கடிதத்தை எடுத்துக்கொண்டாள்.