காசில்லாத ஆட்டம்

அந்த ஏரியை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சம்பந்தி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி எல்லாரையும் இறக்கி, ஏதோ தானே வெட்டி வைத்ததுபோல் கையை நீட்டிக் காட்டினார். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அணைத் தண்ணீர் தேங்கி நின்றது. அக்கரையில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மகள் போட்டோ எடுத்தாள், மாப்பிள்ளை அவளைப் போட்டோ எடுத்தார். எப்படியிருக்கிறது என்று சம்பந்தியம்மா கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்த பலகாரத் தட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

எங்களுக்குக் கேரள எல்லைக்குள் எலப்புள்ளிப் பக்கம் நெல்லும் கொஞ்சம் காய்கறியும். சம்பந்தி வேலந்தாவளத்தில் மாட்டுத் தீவன ஏஜென்சி வைத்திருக்கிறார். சந்தை நாளில் அவர் கடை முன்னால் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வருஷம் வியாபாரம் நன்றாக நடந்ததற்காகத் தீவனக் கம்பெனி அவருக்கு இடுக்கி மலையில் ஒரு ரிசார்ட்டில் மூன்று அறைகள், இரண்டு நாளைக்கு, சும்மா கொடுத்திருந்தது. ஒன்று அவர்களுக்கு, ஒன்று கல்யாணமாகி எட்டு மாதமான பிள்ளைகளுக்கு. மூன்றாவதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்திருப்போம்.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் செக்போஸ்ட் என்று ஏறி மதியத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அறைச் சாவியோடு ஆளுக்கு ஒரு சின்னத் துணிப் பையும் கொடுத்தார்கள். உள்ளே கலர் கலராகப் பிளாஸ்டிக் வில்லைகள். மாடியில் கேசினோ இருக்கிறதாம், இதை வைத்து விளையாடலாமாம். கேரளத்தில் காசு வைத்து ஆட அனுமதி இல்லை, அதனால் இது வெறும் தமாஷ், கடைசியில் யாரிடம் அதிக வில்லை இருக்கிறதோ அவர்களுக்கு ஒரு கூடை தேயிலையும் ஏலக்காயும் என்று வரவேற்பில் இருந்த பெண் விளக்கினாள். என் கணவர் அந்தப் பையை அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம்போல நுனியில் பிடித்து என் கையில் கொடுத்தார். நீயே வைத்துக்கொள் என்றார்.

அவர் முன்பு சீட்டாடினவர். சும்மா பொழுதுபோக்குக்கு அல்ல. கஞ்சிக்கோட்டில் ஒரு கிளப், வாளையாரில் ஒரு தோட்டத்து வீடு, பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜ் என்று அவருக்குத் தனியாக ஒரு ஊர் வரைபடமே இருந்தது. எங்கள் தென்னந்தோப்பு அந்த வழியாகத்தான் போனது. மகளுக்குப் பத்து வயதானபோது அவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை உண்டு. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதையும் வெறுமனே செய்யவிட எனக்கு மனமில்லை. மகளை முன்னால் தள்ளி நிறுத்தினேன். ஒரு கையை அவள் தலையில் வைத்து, இன்னொரு கையால் கற்பூரத்தை அணைத்து, இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்றார். தொட்டால் அது பிள்ளையைச் சேரும். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

பதிமூன்று வருஷமாக அவர் தொடவில்லை. எங்கள் பக்கம் லாட்டரிக் கடை இல்லாத முக்கு கிடையாது, அவர் அந்தக் கடைகளைக் கண்டால் ரோட்டைக் கடந்து எதிர்ச்சாரியில் நடப்பார். கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் ஜமுக்காளம் விரித்தால் எழுந்து வந்துவிடுவார். ஊரே மெச்சியது. நானும் மெச்சியிருக்க வேண்டும். ஆனால் அவர் ஆடிய காலத்திலேயே எனக்குள் ஏதோ மரத்துவிட்டது. ஊசி போட்ட ஈறு மாதிரி, கடித்தாலும் தெரியாது. அவரைக் கண்காணிக்கிற வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்.

சம்பந்தி வீட்டுக்கு இது எதுவும் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது என் தம்பி, மச்சான் வெற்றிலைகூடப் போடமாட்டார் என்று அளந்துவிட்டான். தோப்பு என்ன ஆனது என்று கேட்டார்கள். கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது, விற்றுவிட்டோம் என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல்தான் சொன்னேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. படகு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் விருந்தாளிகள் எல்லாரும் மாடிக்கு ஏறினார்கள். ஒரு பெரிய கூடம், பச்சைத் துணி ஒட்டிய மேசைகள், கண்ணாடிக்கு அப்பால் மழையில் ஏரி. ஒரு மேசையில் சக்கரம் சுற்றியது. சம்பந்தி நேராகச் சீட்டு மேசைக்குப் போய் என் கணவரைக் கூப்பிட்டார்.

அவர் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க என்றார். தெரியாதவர்களுக்குத்தான் இங்கே சொல்லித்தருகிறார்கள் என்று சம்பந்தி அவரைத் தோளைப் பிடித்து உட்கார்த்தினார். மூக்குக்கண்ணாடி அறையில் இருக்கிறது என்றார் என் கணவர். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. சம்பந்தி அதை எடுத்து, விரித்து, அவர் மூக்கின் மேல் மாட்டிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"காசில்லாத ஆட்டந்தானுங்க சம்பந்தி. என்ன ஆயிரும்?" என்றார் சம்பந்தி.

மேசைக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றாள். எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பிள்ளை, பேச்சில் மதுரைப் பக்கம் தெரிந்தது. இரண்டு சீட்டை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள். எடுத்துப் பார்த்து, இன்னொன்று வேண்டுமா போதுமா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

"எடுத்துப் பாருங்க சார். கடிச்சிராது," என்றாள்.

அவர் கைகள் மேசைக்கு அடியில் இருந்தன. நான் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுந்து வந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் தோப்பும் வெளியே வரும், என் பொய்யும் வெளியே வரும், எட்டு மாதமே ஆன மகள் வாழ்க்கைக்கு நடுவில் போய் விழும். தொட்டால் சத்தியம் முறியும். பிளாஸ்டிக் வில்லைக்கு ஆடினால் அம்மன் கணக்கில் எடுப்பாளா மாட்டாளா என்று யோசித்தேன். பயந்திருக்க வேண்டும். மழை எப்போது விடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மகள் வந்தாள். தள்ளுங்கப்பா, உங்களுக்கு நான் பார்க்கறேன் என்று சொல்லி, அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டைத் தூக்கினாள். மேசையில் பேச்சு மாறியது. என் கணவர் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார், நெற்றி வேர்த்திருந்தது. பத்து வயதில் நின்ற இடத்தைப் பிள்ளை மறக்கவில்லை, அப்பாவைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு சுற்றுக்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. அஞ்சு சுற்றுக்குப் பிறகும் இல்லை. சீட்டை முழுதாகத் தூக்கவே மாட்டாள், மூலையை மட்டும் கட்டைவிரலால் நெம்பிப் பார்ப்பாள். எஸ்டேட் பெண் கேட்பதற்கு முன்பே போதும் என்று விரலை அசைத்தாள். சம்பந்தி, என் மருமகளைப் பார் என்று பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். மாப்பிள்ளை சிரித்தார். படுக்கையிலும் போனில் இதே ஆட்டம்தான், வெறும் கேம், எந்நேரமும் கையில் வைத்திருப்பாள் என்று என்னிடம் சொன்னார். என் கணவர் சீட்டைப் பார்க்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தோற்க ஆரம்பித்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கணவர் தோற்கும் நாட்களில் வீட்டில் எரிந்து விழுந்ததே இல்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசுவார். தண்ணீர் கேட்பதுகூடக் கெஞ்சலாக இருக்கும். என் காதுத்தோட்டை அப்படித்தான் வாங்கிக்கொண்டு போனார், எனக்கே ஏதோ உபகாரம் செய்வதுபோல. மகள் குரல் இப்போது அப்படி ஆனது. அக்கா, ஒரே ஒரு நிமிஷங்க்கா என்று அந்தப் பெண்ணிடம் குழைந்தாள். மாமனாரிடம் அவர் வில்லைகளை வாங்கினாள். மாமியாரிடம் வாங்கினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"சாமி, உங்கட்ட இருக்கறதக் குடேன்."

பிள்ளை என்னைச் சாமி என்று கூப்பிட்டதே கிடையாது. அது தோற்ற நாட்களில் என் கணவர் சொல்வது. பை இரண்டையும் கொடுத்தேன். அதுவும் போயிற்று. மழை விடும்வரை ஆடினாள்.

மறுநாள் காலை வெயில் வந்தது. படகுத்துறையில் சம்பந்தி வரிசையில் நிற்க, நான் மகளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் எத்தனை நாளாக என்று கேட்டேன். அவள் மழுப்பவில்லை. கோயம்புத்தூரில் காலேஜ் கடைசி வருஷத்திலிருந்து, போனில், காசு வைத்து. கையில் கிடக்கிற வளையல் நான்கும் கவரிங் என்றாள். மாப்பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்தால் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள், நீ சொல்லிவிடாதே என்றாள். யார் வீட்டுச் சமாசாரமோ கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லமாட்டேன் என்றேன். பொய் சொல்லிப் பழகிய வாய், அதற்குக் கஷ்டமில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன். ஊருக்குப் போனதும் அம்மன் கோயிலுக்குப் போகலாம், கற்பூரம் வைக்கலாம்.

"யாரு தலையில கை வெக்கறதும்மா? எனக்கு இன்னும் கொழந்தை இல்லயே," என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா நேரங்கழிச்சு வந்தா, இன்னைக்கு நான் செத்துருவேன்னு நெனச்சுட்டுப் படுத்திருப்பேன். காய்ச்சல் வந்தா அப்பா ஆடிட்டாருன்னு நெனப்பேன். உங்களுக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் என்னைய வெச்சுத்தானம்மா ஆடுனீங்க."

பதிமூன்று வருஷமாக அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்த நான், அது எந்தத் தலையின் மேல் இருந்தது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அது நெஞ்சில் குத்தியிருக்க வேண்டும். குத்தும் என்று காத்திருந்தேன், சம்பந்தி கூப்பிட்டுவிட்டார்.

படகில் ஆரஞ்சு நிறச் சட்டைகளை மாட்டிவிட்டார்கள். அவர்கள் நால்வரும் முன்னால் உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் எஞ்சின் பக்கத்தில், நாங்கள் பேசினால் எங்களுக்கே பாதிதான் கேட்கும். மாப்பிள்ளை அக்கரையில் யானை தெரிகிறதா என்று தேடினார். மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் அதைப் பார்த்தார். பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், அவள் கடைசியாகச் சொன்னது உட்பட.

அவர் ஆரஞ்சுச் சட்டையின் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினார்.

"அன்னைக்குப் புள்ள தலையில வெச்சிருக்கக் கூடாது. உன்ற தலையில வெச்சிருக்கோணும்."

"என்ற தலையா இருந்திருந்தா, நீங்க அந்த மாசமே ஆடப் போயிருப்பீங்க."

சண்டைக்குச் சொல்லவில்லை. அன்று கோயிலில் மகளை முன்னால் தள்ளியபோதே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வாயால் அன்றுதான் சொன்னேன், சொன்ன பிறகு அவர் மறுக்க வேண்டும் என்று இருந்தது. அத்தனை வருஷத்தில் நான் அவரிடம் எதையாவது எதிர்பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். நன்றாக யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்.