போலி

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இலக்கணம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாவிட்டால் அது போலியாம்.

"போலின்னா டூப்ளிகேட் தானம்மா?" என்று கேட்டாள்.

"'போல'ங்கிற சொல்லுலருந்து வந்தது. இன்னொன்னு மாதிரி இருக்கிறது, அம்புட்டுத்தான்" என்றேன். சொல்லும்போதே அக்கா நினைவு வந்துவிட்டது.

பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் அக்கா போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. இருவருக்கும் ஒரே சாடை, ஒரே குரல். கடைசியாக அவள் முகத்தைப் பார்க்கக்கூட அம்மாவை விடவில்லை. அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள், அக்கா வேலை விட்டு வரும் நேரத்துக்கு, அவளுடைய பச்சைத் தாவணியைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். தாவணியில் இன்னும் பட்டாசு மருந்தின் வாடை இருந்தது. அவள் இழுத்துச் சொல்வதைப் போலவே, "எம்மா, பசிக்கி" என்றேன்.

அம்மா எழுந்து ஓடிவந்தாள். என் கன்னத்தைத் தொட்டவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்தத் தாவணியக் களத்திரு தாயி" என்றாள்.

அன்று கொஞ்சம் கஞ்சி குடித்தாள். பிறகு என்னை வளர்த்துக் கட்டியும் கொடுத்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோதும், "சாப்பிட்டியா தாயி?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.