அஞ்சு நிமிஷக் கரண்டு

ஆரல்வாய்மொழிக் காற்றாடிப் பண்ணையில் பொறியாளனாக இருந்த நாட்களில், நான் பயப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது. அன்று வந்ததோ பெரிய காரணமேதான். துணைமின் நிலைய அதிகாரி போனில் கத்தினார்.

"முந்தாநாள் எங்க லைன் போயி அஞ்சு நிமிஷம் கழிச்சுல்லா உம்ம காத்தாடியெல்லாம் நின்னிருக்கு! உம்ம கம்ப்யூட்டர் அனுப்புன கணக்குதான் வேய் சொல்லுது. செத்த லைன்ல கரண்ட விட்டிருக்கீரு. எங்க ஆளு கம்பியத் தொட்டிருந்தா? நாளைக்குக் காலையில விளக்கம் வரல்லேன்னா உமக்கு லைன் கெடையாது."

லைன் போனால் காற்றாடி கண்ணிமைக்கும் முன் தானே விலகிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதுகாப்புக்குப் பொறுப்பு நான். ஆனி மாதக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகிற சமயத்தில் அவர்கள் லைனை வெட்டினால், முதலாளி என்னை வெட்டுவார். வேலை போய்விட்டதாகவே முடிவு செய்து, மனைவியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பல விதமாக ஒத்திகை பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் திட்டினாள்.

பிறகு ஓட்டம். ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் கதவைத் திறந்து, லைன் போனதும் காற்றாடியைத் துண்டித்துவிடும் ரிலேயைச் சோதித்தேன். எல்லாம் ஒழுங்கு. அது பயத்தை இன்னும் கூட்டியது. நேரம் பிசகியிருக்குமோ? கூரையில் இருந்த செயற்கைக்கோள் கடிகாரம் இடியில் செத்த பிறகு, அறையிலுள்ள கணினிக்குக் கையால்தான் நேரம் வைத்திருந்தோம். அது சொல்லும் நேரத்தைத்தான் காற்றாடிகள் எல்லாம் வாங்கிக்கொள்ளும். அவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. கணினியை என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன், அதுவும் பொருந்தியது. தீர்ந்தது கதை.

கணினியைக் கவனிக்கும் ஆப்பரேட்டர் அண்ணாச்சி, சுசீந்திரத்துக்காரர், டீயை உறிஞ்சியபடி என்னைப் பார்த்தார்.

"என்ன சாரே, நாய் வெரட்டுன மாதிரி ஓடுகீரு? ஒக்காரும்."

"ஒக்காந்தா வேலை போயிரும் அண்ணாச்சி."

"ஓடுனா மட்டும் நிக்குமாக்கும்?"

மாலையில் அவர்தான் கணினித் திரையில் நேரத்தைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "வாரும், பஸ்ஸு போயிரும்." நாகர்கோவில் பஸ்ஸுக்கு விழுந்தடித்து ஓடினோம். நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை.

"பஸ்ஸும் போச்சு. இன்னைக்கு எனக்கு எல்லாமே போச்சு" என்று புலம்பினேன்.

"எங்க போச்சு? இன்னும் நேரம் கெடக்கு. கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷம் கூட்டியில்லா வச்சிருக்கேன், வீட்டுக் கடிகாரம் மாதிரி. இல்லேன்னா நாம என்னைக்கு இந்த பஸ்ஸப் பிடிச்சோம்?"

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் பிந்துகிறேன் என்று மனைவி அதையும் அஞ்சு நிமிடம் கூட்டி வைத்திருந்தாள். தினமும் கழித்துப் பார்த்துப் பழகியவன், பயத்தில் அன்று மட்டும் கழிக்கவில்லை.

அண்ணாச்சியைக் கட்டிப்பிடிப்பதா, கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியாமல் அறைக்குத் திரும்பி ஓடினேன். முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து நின்றது. "ஏ சாரே, பஸ்ஸு!" என்று அவர் கூவியதும் கேட்டது. நிற்கவில்லை.

எல்லாவற்றையும் போனில் ஒப்பித்தேன். அதிகாரி தன் பதிவேட்டைப் புரட்டுவது கேட்டது. பிறகு பெருமூச்சு.

"அஞ்சைக் கழிச்சா ரெண்டு கணக்கும் ஒட்டத்தான் செய்யுது. எழுத்துல தாரும் வேய். எங்க ஆபீஸ் சுவர்க் கடிகாரமும் இப்பிடித்தான் கெடக்கு. ஆனா அத நாங்க காத்தாடியோட கோத்து வைக்கல்ல."

எழுதிக் கொடுத்தேன். கணினியின் நேரத்தையும் சரியாக்கினேன். மறுநாள் அண்ணாச்சி பஸ்ஸைத் தவறவிட்டார். அதன்பின் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் நான் தொடவில்லை. அதில் நேரம் வைத்தது மனைவி.